வெண்மதி வாங்கிய இருபத்தொன்பது மார்க்

நெல்லிக்குப்பம்,
ஆனி மாதம் நான்காம் தேதி, புதன்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் அறிவழகன் எம்.ஏ., பி.எட். அவர்களுக்கு,

உன் அக்கா புருஷன் செம்பியன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அக்காவும் டிராக்டரும் சௌக்கியம். டிராக்டருக்கு மட்டும் கிளட்ச் கொஞ்சம் நழுவுகிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். திட்டக்குடியில் மகளும் மாப்பிள்ளையும் சௌக்கியம். அதுபோலவே சிதம்பரத்தில் நீயும் இலக்கியாவும் குறையில்லாமல் இருக்க வேண்டும், உங்கள் மாடி வீட்டுக்குத் தண்ணீர் ஒழுங்காக ஏற வேண்டும் என்று சாமியைக் கேட்டுக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். என் போன் ஒரு மாதமாக ஸ்பீக்கரில்தான் பேசும், மெல்லப் பேசத் தெரியாது. வாட்ஸ்அப் உன் அக்கா கையில் இருக்கிறது, குட்மார்னிங் படம்கூட அவளைக் கேட்டுத்தான் நான் அனுப்புகிறேன். இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம். அதனால் அவள் அங்கன்வாடிக்குப் போன நேரம் பார்த்து, ஷெட்டில் டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

முதலில் உன் மேல் இருக்கும் கோபத்தை எழுதிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது சரளமாக வரும். போன வருஷம் நீ சிதம்பரத்தில் வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்றைக்கு, பந்தியில் கேசரி பரிமாறிக்கொண்டே என்னிடம் என்ன சொன்னாய்? நான் பெருமையாக, "உங்க அக்கா பத்தாவது பிரைவேட்டா எழுதப் போறா மச்சான்" என்றேன். நீ சிரித்தபடி, "அக்காவுக்கு எதுக்கு மாமா இந்த வயசுல இங்கிலீஷு? வீணா மனசு கஷ்டப்படும்" என்றாய். நீ நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் உன் அக்கா பின்னாலேயே தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்சில் கடலூர் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடலூரில் இறங்கினதும், "ஏங்க, பரீட்ச பாரம் எங்க குடுக்கறாங்கன்னு கேளுங்க" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் நான் ஆடிப் போய்விட்டேன்.

அவளுக்கு இது ஏன் வேண்டும் என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். பதினேழு வருஷமாக அங்கன்வாடியில் உதவியாளர். சமைக்கிறாள், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கிறாள், எடை போடுகிறாள், டீச்சர் லீவு போட்டால் பாட்டும் கதையும் அவளே சொல்கிறாள். ஆனால் எல்லோரும் அவளை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாற்பத்தி நாலு வயசில் ஆயா! பத்தாவது பாஸ் என்ற ஒரு காகிதம் இருந்தால் டீச்சர் வேலைக்கு எழுதிப் போடலாம், அதுவும் நாற்பத்தைந்து தாண்டுவதற்குள் போட்டால்தான் உண்டு என்று சூப்பர்வைசர் அம்மா சொல்லியிருக்கிறார்கள். அதனால் இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் மட்டும் போனவள், பாடமெல்லாம் மாறிவிட்டதால் ஏப்ரலில் கடலூர் சென்டரில் ஐந்து பேப்பரும் எழுதினாள். தமிழில் எழுபத்தெட்டு. சமூக அறிவியலில் அறுபத்திரண்டு. அறிவியலும் பாஸ். கணக்கில்கூட நாற்பத்தொன்று, நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. இங்கிலீஷில் மட்டும் இருபத்தொன்பது. முப்பத்தைந்து வேண்டும், ஆறு மார்க் குறைந்துவிட்டது. ரிசல்ட் வந்த அன்று சோறு வடித்துக்கொண்டே, "கிராமர்ல வர்ற அந்த ஃபிரேஸு, கிளாஸு ரெண்டும் எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குதுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உனக்கே தெரியும், இந்த வீட்டில் பத்தாவது பாஸ் செய்தவன் நான் ஒருத்தன்தான். தொண்ணூற்றிரண்டில் இங்கிலீஷில் முப்பத்தாறு எடுத்தவன். என் பெண்டாட்டிக்கு ஏறாதது என்ன பெரிய மலையா, நாமே கற்றுக்கொண்டு நாமே சொல்லிக்கொடுப்போம் என்று திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு நோட்ஸ் வாங்கிவந்தேன். அதில் ஃபிரேஸ் என்றால் சொற்றொடர், கிளாஸ் என்றால் வாக்கியக் கூறு, அதிலே முதன்மை ஒன்று, சார்ந்தது ஒன்று என்று போட்டிருந்தான். இங்கிலீஷாவது பரவாயில்லை மச்சான், அந்தத் தமிழ்தான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

அரவை முடிகிற நேரம், கரும்பு மில் யார்டில் டோக்கன் போட்டுவிட்டு எட்டு மணி நேரம் பத்து மணி நேரம் லைனில் நிற்கிற காலம். நோட்சை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து படித்தேன். கரும்பு ஆபீசர் ஸ்ரீதர் சார் அந்தப் பக்கம் வந்தார். கேட்டேன். அவர், "கிளாஸ்ல வினைச்சொல் இருக்கும் செம்பியன், ஃபிரேஸ்ல இருக்காது. நான் அக்ரி படிச்சவன், அதுக்கு மேல கேக்காத" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். நான் விடவில்லை. எனக்கு முன்னால் நின்ற காத்தவராயன் டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் டிரெய்லரை மட்டும் கழற்றிவிட்டு எஞ்சினைத் தனியாக நகர்த்தினான். டிரெய்லர் பாவம், முழு லோடோடு அப்படியே நின்றது. எனக்குப் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. எஞ்சின் இருந்தால் கிளாஸ். எவ்வளவு சுமை ஏற்றினாலும் எஞ்சின் இல்லாவிட்டால் வெறும் ஃபிரேஸ். எஞ்சின் இருந்தும், ரிப்பேராகி இன்னொரு வண்டியின் பின்னால் கயிறு கட்டி வருகிறது பார், அது சார்ந்த கிளாஸ்! நான் சீட்டில் எழுந்து நின்று, "காத்தவராயா, நீ ஃபிரேஸ விட்டுட்டுப் போறடா!" என்று கத்தினேன். அவன் என்னமோ கழன்று விழுந்துவிட்டது என்று பதறி, குதித்து இறங்கி, டிரெய்லருக்கு அடியில் படுத்துத் தேடினான். இந்தக் கலாட்டாவில் என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. பின்னால் நாற்பது வண்டி ஹாரன் அடித்தது. யார்டு சூப்பர்வைசர் வந்து என்னைக் கடைசிக்கு அனுப்பிவிட்டார். கரும்பு வெயிலில் காய்ந்தது, காத்தவராயன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்கெல்லாம் நான் அசருகிற ஆளா? படித்தது மறக்காமல் இருக்க ஒன்றொன்றாக எழுதி மாட்டினேன். பீரோவில் ஒன்று, அண்டா மேல் ஒன்று, மோட்டார் ரூம் கதவில் ஒன்று. டிரெய்லரின் பின் பலகையில் சாக்பீசால், 'பிகாஸ் இட் வாஸ் ரெயினிங்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதாவது, மழை பெய்ததால். அவ்வளவுதான், மேற்கொண்டு எதுவும் இல்லை. அது சார்ந்த கிளாஸ் என்பதற்கு உதாரணம், எனக்குத் தெரியும். ரோட்டில் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? மேல்பட்டாம்பாக்கம் தாண்டுவதற்குள் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரன் மூச்சு வாங்க என்னைப் பிடித்து, "அண்ணே, மழ பேஞ்சதால என்னாச்சுண்ணே?" என்றான். ஒன்றும் ஆகவில்லை, நீ போ என்றேன். அவன் போகவில்லை, "சும்மா சொல்லுண்ணே" என்று ஒரு கிலோமீட்டர் கூடவே வந்தான். ரயில்வே கேட் போட்டிருந்தபோது பின்னால் நின்ற மினி பஸ்சே இறங்கி வந்து கேட்டது. ஒரு அம்மா, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கலங்கிவிட்டது. போலீஸ்காரர் ஒருத்தர் ஓரம்கட்டச் சொல்லி, ஆர்.சி. புக் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "சரி, மழ பேஞ்சுது. அப்பறம்?" என்றார். யார்டில் விட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் கீழே, 'வீ ஹேட் நோ கரண்ட்' என்று எழுதி முடித்து வைத்திருந்தான். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது மச்சான். முதன்மைக் கிளாஸ். தப்பில்லாமல் எழுதியிருந்தான்.

இப்படியெல்லாம் நாய்படாத பாடு பட்டுக் கற்றுக்கொண்டு, ஒரு சாயங்காலம் உன் அக்காவை உட்காரவைத்து, டிராக்டர், டிரெய்லர், கயிறு கட்டின வண்டி என்று எல்லாம் விளக்கினேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, "நல்லாதான் சொல்றீங்க. எங்க அங்கன்வாடியில தானா எழுந்து நடந்து வர்ற புள்ள இருக்குதுல்ல, அது கிளாஸு. இடுப்புல தூக்கி வெச்சாதான் வரும்ங்கிறது ஃபிரேஸு. நடக்கத் தெரியும், ஆனா யாராச்சும் கையப் புடிச்சாதான் கால எடுத்து வைப்பேன்னு நிக்கும் பாருங்க, அது சார்ந்தது. நான் அப்பிடித்தான் ஞாபகம் வெச்சிருக்கேன்" என்றாள். நான் வாயைப் பிளந்துவிட்டேன். ஞாபகம் வைத்திருக்கிறாளாமே! நோட்சைப் பிரித்து இருபது வாக்கியம் கேட்டேன். இருபதும் சரியாகச் சொன்னாள். நான் இரண்டு தப்பு செய்ததையும் எடுத்துச் சொன்னாள். அப்புறம் ஏண்டி இருபத்தொன்பது என்று கேட்டால், "அங்க போனா மறந்துடுதுங்க" என்று கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருபத்தைந்து வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன், அவளுக்குப் பொய் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சொன்னது பொய். ஆனால் எதற்கு என்று பிடிபடவில்லை.

போன வெள்ளிக்கிழமை பிடிபட்டது. மத்தியானம் வாசலில் ஒரு பெண், இருபத்திரண்டு வயசு இருக்கும், இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை, கையில் ஒரு பை நெத்திலிக் கருவாடு. "அங்கன்வாடி வெண்மதியக்கா வீடுங்களா?" என்றாள். தேவனாம்பட்டினமாம், பேர் ஜான்சி, வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். உன் அக்காவோடு அதே ஹாலில் பரீட்சை எழுதினவள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"இங்கிலீஷ் பரீட்ச அன்னைக்குப் பாப்பாவ மாமியார்கிட்ட குடுத்து வாசல்ல உக்கார வெச்சிட்டுப் போனேண்ணே. ஏழு மாசம். பாட்டில் எடுக்காம கத்து கத்துன்னு கத்துது. ஜன்னல் வழியா எனக்கு அப்பிடியே கேக்குது. பேனாவப் புடிக்க முடியல. பேப்பர் மேல கண்ணீரா கொட்டுது. அக்கா எனக்கு அடுத்த பெஞ்சு. ஒரு மணி நேரம் எழுதியிருப்பாங்க. என்னையப் பாத்தாங்க. டக்குனு எழுந்து பேப்பரக் குடுத்துட்டாங்க. ஹால் சூப்பர்வைசர் சார், இப்ப வெளிய போனா திரும்ப வர முடியாதும்மான்னாரு. தெரியும் சார்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அஞ்சே நிமிஷம்ணே. சத்தம் நின்னு போச்சு. நான் எழுத ஆரமிச்சேன். முப்பத்தேழு எடுத்துட்டேன்."

ஜான்சியின் மாமியார் சவரியம்மாள் சொன்னதாம்: உன் அக்கா அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பரீட்சை முடிகிற ஒன்றேகால் மணி வரைக்கும் புங்கமரத்தடியில் நடந்துகொண்டே இருந்தாளாம். உட்கார்ந்தால் அது முழித்துக்கொண்டதாம்.

ஃபிரேஸ், கிளாஸ் கேள்வியெல்லாம் முதல் பக்கத்திலேயே வந்துவிடும், அதையெல்லாம் சரியாக எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறாள் மச்சான். கடிதமும் கட்டுரையும்தான் நின்றுபோயிருக்கிறது. நான் யார்டில் கடைசிக்குப் போனது, பீரோவில் எழுதி ஒட்டினது, போலீஸ்காரரிடம் மழையைப் பற்றிப் பதில் சொன்னது எல்லாம் எதற்கு? நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தப் பெண் போன பிறகு அழுகையும் வந்தது. இரண்டையும் முடித்துவிட்டுக் கருவாட்டை உள்ளே வைத்தேன். உன் அக்கா கேட்டதற்குச் சந்தையில் வாங்கினேன் என்றேன். "நல்லாருக்கே, யாருகிட்ட வாங்கினீங்க?" என்று ஐந்து நாளாகக் கேட்கிறாள். எனக்குத் தெரிந்தது அவளுக்கு இன்னும் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை ஏழாம் தேதி திங்கட்கிழமை அவளுக்குத் துணைத்தேர்வு. சென்டர் சிதம்பரத்தில், உன் வீட்டுக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடம். தனித்தேர்வர்கள் எழுதுகிற இடம், கைக்குழந்தைக்காரப் பெண்கள் கட்டாயம் வருவார்கள். ஒரு குழந்தை வாசலில் கத்தினால் போதும், இவள் பேப்பரை நீட்டிவிடுவாள். நான் எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டாள், அவள் வாங்கி வந்த சுபாவம் அப்படி. அதனால் நீ அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு, காலை ஒன்பதரை மணிக்கே அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். எந்தக் குழந்தை அழுதாலும், அது யார் வீட்டுக் குழந்தையாக இருந்தாலும், நீ வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சத்தம் ஜன்னலுக்குப் போகக் கூடாது. இதுதான் நான் உன்னிடம் கேட்பது. இங்கிலீஷ் எதுவும் நீ சொல்லித்தர வேண்டாம்.

நீங்களே நிற்கலாமே மாமா என்று கேட்பாய். ஜான்சியின் குழந்தையை நான் ஆசையாகக் கையை நீட்டி வாங்கினேன். என் மீசையைப் பார்த்து அது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். உனக்கு மீசையும் ஒழுங்காக வளரவில்லை, அதனால் நீதான் சரி. போகும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடு, கீறும். கண்ணாடியையும் பையில் போட்டுக்கொள், பிடுங்கிவிடும். விடைத்தாள் கட்டைத் தூக்குகிற மாதிரி அக்குளில் இடுக்காதே. தலைக்கு ஒரு கை, முதுகுக்கு ஒரு கை. நின்ற இடத்தில் ஆட்டினால் போதாது, நடக்க வேண்டும். உட்காரவே கூடாது. அவளை வாசலில் இறக்கிவிடும்போது மட்டும் நீ மறைந்துகொள், உன்னைப் பார்த்தால் எதற்கு வந்தாய் என்று துருவித் துருவிக் கேட்பாள். எம்.ஏ. படித்தவன் ஊரார் பிள்ளையைத் தூக்குவதா என்று வெட்கப்படாதே. இந்த ஒரு தரம் எனக்காகச் செய் மச்சான். அவள் டீச்சர் ஆக வேண்டும், அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

உன் கைக்குச் சுகமும் உன் வாத்தியார் வேலைக்கு நல்ல பேரும் சேரட்டும். உனக்கும் இலக்கியாவுக்கும் சீக்கிரமே தூக்கி வைத்துக்கொள்ள உங்களுடையதாகவே ஒன்று வரட்டும். வெயிலில் தலைக்குத் துண்டு போடாமல் போகாதே.

இப்படிக்கு,
உன் மேல் இருந்த கோபம் பாதி தீர்ந்த மாமா,
செம்பியன்.

பின்குறிப்பு: மச்சான், கடிதத்தை மடித்து டூல்ஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கவர் வாங்கக் கடைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து உன் அக்கா ஸ்குரூ டிரைவர் தேடி ஷெட்டுக்கு வந்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக்கொண்டிருந்தாள். உன் மீசையைப் பற்றி எழுதின இடத்தில் சிரித்தாள். முடித்ததும் மடித்து என்னிடம் நீட்டினாள். பிறகு, "அவன மட்டும் கூப்புடாதீங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"தொண்ணூத்தேழுல பள்ளிக்கூடத்துல எழுதறப்ப நான் இங்கிலீஷ்ல எப்பிடிப் போனேன்னு நெனச்சீங்க? தம்பிக்கு அப்ப ஒரு வயசு. அம்மா கரும்பு வெட்டப் போயிருந்தாங்க. பக்கத்து வீட்டு அத்த அவனத் தூக்கிட்டு வந்து வாசல்ல உக்காந்திருந்தாங்க. மத்த பரீட்சைக்கெல்லாம் தூங்கிட்டான். இங்கிலீஷ் ரெண்டாவது பேப்பர் அன்னைக்கு மட்டும் அழுதான். அரமணி நேரம் தாங்கிப் பாத்தேன். முடியல, பேப்பரக் குடுத்துட்டு வந்துட்டேன். இத அவன்கிட்ட சொல்லிடாதீங்க. அவன் வாசல்ல நிக்கிறான்னு தெரிஞ்சா எனக்குப் பேனா ஓடாதுங்க. வெயில்ல நிக்கிறானா, சாப்புட்டானான்னுதான் இருக்கும். வேற எந்தப் புள்ள அழுதாலும் இந்தத் தடவ பல்லக் கடிச்சிட்டு உக்காந்துருவேன்."

கடிதத்தைக் கிழித்துப்போடச் சொன்னாள். கிழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அனுப்புகிறேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள், அதையும் எழுதிவிட்டேன். உனக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே மேலே எழுதியிருக்கிற எதையும் செய்யாதே. ஏழாம் தேதி காலையில் நீ அந்தத் தெருப் பக்கமே வரக் கூடாது. குழந்தைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், மீசையை எடுத்துவிடுகிறேன். ஒன்றேகால் மணிக்கு அவள் எழுதி முடித்து வெளியே வருவாள். அப்போது மட்டும் வந்து வாசலில் நில். அழாமல் நில்.